பரப்புக் கவர்ச்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள், பி.எஸ்சி. செய்முறைத் தேர்வுக்குப் படிப்பவர்கள், வீட்டுக்கு வாட்டர் ஃபில்டர் வாங்கப் போகிறவர்கள் என்று பலரும் ஏதோ ஒரு கட்டத்தில் இந்தச் சொல்லில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். ஆங்கிலத்தில் அட்ஸார்ப்ஷன். அதைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே பார்ப்போம்.

பரப்புக் கவர்ச்சி என்றால் என்ன?

ஒரு திண்மத்தையோ திரவத்தையோ தொட்டுக்கொண்டிருக்கும் வாயு அல்லது கரைசலின் மூலக்கூறுகள், அதன் மேற்பரப்பில் சேர்ந்து தங்குவது. அப்படிச் சேரும்போது பரப்பில் அவற்றின் செறிவு மற்ற இடங்களைவிட அதிகமாகிவிடும். வரையறை எழுதும்போது இந்தச் செறிவுக் கணக்கை விட்டுவிடக் கூடாது. மேசையின் மேல் காற்று மூலக்கூறுகள் நொடிதோறும் கோடிக்கணக்கில் மோதித் திரும்புகின்றன. மோதுவது மட்டும் கவர்ச்சி ஆகாது, கொஞ்ச நேரமாவது அங்கே தங்க வேண்டும்.

உறிஞ்சுதலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

உறிஞ்சுதலில் பொருள் உள்ளே போய்ப் பரவிவிடுகிறது. பரப்புக் கவர்ச்சியில் மேலேயே நின்றுவிடுகிறது. ஈரம் நிறைந்த காற்றில் சிலிகா ஜெல் மணிகளை வைத்தால் நீராவி அவற்றின் நுண்துளைச் சுவர்களில் ஒட்டுகிறது. மணி மணியாகவே இருக்கும், கரையாது. அதே காற்றில் நீரற்ற கால்சியம் குளோரைடை வைத்தால் அது நீரை உள்ளே இழுத்துக்கொண்டு, நீரேறிய உப்பாக மாறி, கடைசியில் கசகசத்துக் கரைந்தே போய்விடும். முதலாவது பரப்புக் கவர்ச்சி, இரண்டாவது உறிஞ்சுதல். அம்மோனியா தண்ணீரில் கரைவது உறிஞ்சுதல், அதே அம்மோனியா கரியில் ஒட்டுவது பரப்புக் கவர்ச்சி.

"நுண்துளைக்குள் போவதும் உள்ளே போவதுதானே?" என்று வகுப்பில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார். நல்ல கேள்விதான். துளையின் சுவரும் பரப்புதான். வெளியிலிருந்து பார்க்க உள்ளே தெரிந்தாலும், திண்மத்தின் அணுக்களுக்கு நடுவே மூலக்கூறு கலந்துவிடவில்லை. சிலிகா ஜெல்லில் ஒரு கிராமுக்குப் பல நூறு சதுர மீட்டர் இப்படிப்பட்ட உட்சுவர்கள் உண்டு.

பரப்புக்கு மட்டும் ஏன் இந்த இழுக்கும் குணம்?

திண்மத்தின் நடுவில் இருக்கும் ஓர் அணுவை எல்லாப் பக்கத்திலிருந்தும் அண்டை அணுக்கள் இழுத்துப் பிடித்திருக்கும். விளிம்பில் இருப்பதற்கு ஒரு பக்கம் ஆளில்லை. அந்த மிச்ச விசைதான் வெளியிலிருந்து வரும் மூலக்கூறைப் பிடிக்கிறது. பிடித்ததும் பரப்பின் ஆற்றல் குறைகிறது, அந்த ஆற்றல் வெப்பமாக வெளியே வருகிறது.

ஆகவே பரப்பு எவ்வளவு கூடுகிறதோ, பிடிக்கும் அளவும் அவ்வளவு கூடும். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மைக்ரோமீட்டர் கனசதுரங்களாக நறுக்கினால் 6 சதுர மீட்டர். 10 நானோமீட்டர் அளவுக்கு நறுக்கினால் 600 சதுர மீட்டர். பொருள் ஒரு துளிகூடக் கூடவில்லை.

எது கவர்கிறது, எது கவரப்படுகிறது? இதில் எப்போதும் குழம்புகிறதே.

பரப்பைக் கொடுப்பது கவரும் பொருள் (கரி, சிலிகா ஜெல், அலுமினா, நுண்துளைகள் நிறைந்த சியோலைட் என்ற கனிமம்). அதன்மேல் வந்து உட்காருவது கவரப்படும் பொருள். உட்கார்ந்தது கிளம்பிப் போனால் பரப்பு நீக்கம். "கரி கவரப்பட்டது" என்று விடைத்தாளில் எழுதினால் கதையே தலைகீழ். இலங்கைப் பாடநூல்களில் படித்தவர்கள் இதையே புறத்துறிஞ்சல் என்பார்கள்.

அடுப்புக் கரிக்கும் ஆக்டிவேட்டட் கார்பனுக்கும் என்ன வேறுபாடு?

அடுப்புக் கரியிலும் துளைகள் உண்டு. ஆனால் பெரும்பாலானவை தாரால் அடைபட்டிருக்கும். தேங்காய் ஓட்டை முதலில் காற்று அதிகம் படாமல் சுட்டுக் கரியாக்குவார்கள். பிறகு அந்தக் கரியை 800 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் வைத்து நீராவியைச் செலுத்துவார்கள். நீராவி கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனுமாக வெளியேறும். அது அரித்துப் போன இடமெல்லாம் துளை. கரியின் ஒரு பகுதியைத் தின்னக் கொடுத்துத்தான் பரப்பைச் சம்பாதிக்கிறோம். முடிவில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை கிடைக்கும்.

தேங்காய் ஓட்டில் வரும் துளைகள் பெரும்பாலும் இரண்டு நானோமீட்டருக்கும் குறைவானவை, ஓடும் கெட்டியானது. வாயுக்களையும் தண்ணீரில் கரைந்த சிறு மூலக்கூறுகளையும் பிடிக்க இது நல்ல தோது. தங்கச் சுரங்கங்களில் சயனைடு கரைசலிலிருந்து தங்கத்தைப் பிரிக்கவும் இந்தக் கரியைத்தான் தேடுகிறார்கள், கலக்கும்போது எளிதில் நொறுங்காது என்பதால். தமிழ்நாடு, கேரளம், இலங்கை என்று தென்னை இருக்கும் இடத்திலெல்லாம் இந்தத் தொழில் வேரூன்றியதற்குக் காரணம் கேட்கவே வேண்டாம்.

ஒரு கிராம் கரியில் 1,000 சதுர மீட்டர் என்கிறார்களே, அதை எப்படி அளந்தார்கள்?

பரப்புக் கவர்ச்சியை வைத்தேதான். புருனோவர், எம்மெட், டெல்லர் என்ற மூவர் 1938-இல் கொடுத்த முறை இது. மூவரின் முதலெழுத்துகளைச் சேர்த்து பி.இ.டி. என்பார்கள். மாதிரியைச் சூடாக்கி, வெற்றிடத்தில் வைத்து, ஏற்கெனவே ஒட்டியிருக்கும் ஈரத்தையும் காற்றையும் விரட்ட வேண்டும். பிறகு திரவ நைட்ரஜனில் அமிழ்த்தி மைனஸ் 196 டிகிரிக்குக் குளிர்வித்து, நைட்ரஜன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, எந்த அழுத்தத்தில் எவ்வளவு ஒட்டியது என்று குறிக்க வேண்டும். பரப்பு முழுவதையும் ஒரே ஒரு அடுக்காக மூட எவ்வளவு வாயு தேவை என்பது அவர்களுடைய சமன்பாட்டிலிருந்து கிடைக்கும்.

மீதி வெறும் பெருக்கல்தான். ஒரு நைட்ரஜன் மூலக்கூறு அடைத்துக்கொள்ளும் இடம் 0.162 சதுர நானோமீட்டர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். திட்ட நிலையில் (0 டிகிரி செல்சியஸ், ஒரு வளிமண்டல அழுத்தம்) ஒரு கன சென்டிமீட்டர் நைட்ரஜனில் உள்ள மூலக்கூறுகளை வரிசையாகப் பரப்பினால் சுமார் 4.35 சதுர மீட்டர் நிறையும். ஒரு கிராம் கரிக்கு ஓர் அடுக்கு மூட 230 கன சென்டிமீட்டர் ஆனது என்றால், 230 பெருக்கல் 4.35, சுமார் 1,000. நாடாவைப் பிடித்து அளந்த எண் இல்லை இது, வாயு இப்படித்தான் உட்காரும் என்ற ஓர் அனுமானத்தை நம்பிப் போட்ட கணக்கு. மிக நுண்ணிய துளைகளில் வாயு அடுக்கடுக்காக உட்காராமல் துளையையே நிரப்பிவிடும். அதனால் 3,000 சதுர மீட்டர், 4,000 சதுர மீட்டர் என்று விளம்பரத்தில் பார்த்தால் கொஞ்சம் நிதானித்துப் படியுங்கள்.

இயற் பரப்புக் கவர்ச்சி, வேதிப் பரப்புக் கவர்ச்சி: தேர்வுக்கு அட்டவணை மனப்பாடம். உண்மையில் என்ன நடக்கிறது?

இயற் கவர்ச்சியில் மூலக்கூறைப் பிடித்திருப்பது வாண்டர் வால்ஸ் விசை, அதாவது மூலக்கூறுகளுக்கு இடையிலான பலவீனமான ஈர்ப்பு. வெளிவரும் வெப்பம் மோலுக்கு 20 முதல் 40 கிலோ ஜூல் அளவில் இருக்கும். சூடாக்கினாலோ அழுத்தத்தைக் குறைத்தாலோ விட்டுவிடும். எந்த வாயு எந்தப் பரப்பு என்ற பாகுபாடும் பெரிதாக இல்லை. எளிதில் திரவமாகும் வாயு அதிகம் ஒட்டும், அவ்வளவுதான். 15 டிகிரி செல்சியஸில் ஒரு கிராம் கரி பிடிக்கும் அளவுகளாகப் பழைய பாடநூல்களிலிருந்தே வரும் எண்கள் இவை: சல்ஃபர் டை ஆக்சைடு 380 மில்லி லிட்டர், அம்மோனியா 181, கார்பன் டை ஆக்சைடு 48, மீத்தேன் 16, ஹைட்ரஜன் 4.7 மட்டுமே. இந்த வரிசையை நிலைமாறு வெப்பநிலை (இதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் வாயு திரவமாகாது) வரிசையோடு வைத்துப் பாருங்கள், விஷயம் தானாகப் புரியும்.

வேதிக் கவர்ச்சியில் உண்மையான பிணைப்பே உருவாகிறது. வெப்பம் பெரும்பாலும் 80 கிலோ ஜூலுக்கு மேல், சில ஜோடிகளில் 400 வரைகூடப் போகும். ஒரே அடுக்குதான், அதற்கு மேல் பிணைப்பு போட இடமில்லை. எல்லைக்கோடு எந்த எண்ணில் என்பதில் புத்தகத்துக்குப் புத்தகம் வேறுபடும், அதில் சண்டை போட வேண்டாம். உங்கள் பாடநூலில் உள்ளதை எழுதிவிடுங்கள்.

அட்டவணையில் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. ஒரே ஜோடியே இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும். இரும்பின் மேல் நைட்ரஜனை மைனஸ் 190 டிகிரி வாக்கில் வைத்தால் மூலக்கூறாகவே லேசாக ஒட்டுகிறது. சில நூறு டிகிரிக்குச் சூடாக்கினால் நைட்ரஜனின் மும்மைப் பிணைப்பே அறுந்து, தனித்தனி அணுக்களாக இரும்போடு பிணைகிறது. அந்தப் பிணைப்பை வாயு நிலையில் அறுக்க மோலுக்குச் சுமார் 945 கிலோ ஜூல் வேண்டும். இரும்புப் பரப்பு அந்த வேலையைச் சுலபமாக்குகிறது. யூரியா ஆலைகளுக்கு அம்மோனியா கொடுக்கும் ஹேபர் முறையில் மெதுவான படியும் இதுதான், மொத்த வேகத்தையும் தீர்மானிப்பது இதுதான். கெர்ஹார்ட் எர்டில் இதைப் படிப்படியாகக் காட்டினார். திண்மப் பரப்புகளில் நடக்கும் வேதிவினைகளை ஆராய்ந்ததற்காக 2007-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வெப்பநிலை கூடினால் பரப்புக் கவர்ச்சி குறையும் என்பது எப்போதும் சரிதானா?

இயற் கவர்ச்சிக்குச் சரி. வேதிக் கவர்ச்சி தொடங்கக் கிளர்வு ஆற்றல் வேண்டும் என்பதால், சூடாக்க ஆக்க முதலில் கூடும், பிறகு குறையும்.

எப்போதும் வெப்ப உமிழ் நிகழ்வுதானா?

வாயு விஷயத்தில் ஏறக்குறைய எப்போதும். சுதந்திரமாகத் திரிந்த மூலக்கூறு ஓரிடத்தில் அடங்குவதால் என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) குறைகிறது. ஒரு நிகழ்வு தானாக நடக்கக் கட்டிலா ஆற்றல் மாற்றம் எதிர்க்குறியில் இருக்க வேண்டும், என்ட்ரோபி குறையும்போது அதற்கு வெப்பம் வெளியேறியே ஆக வேண்டும். கரைசலில் அப்படி அடித்துச் சொல்ல முடியாது. பெரிய மூலக்கூறு ஒன்று பரப்பில் உட்காரும்போது அங்கிருந்த பல நீர் மூலக்கூறுகள் விடுதலையாகின்றன. மொத்த என்ட்ரோபி கூடவும் செய்யலாம். அதனால் சாயக் கரைசல்களில் வெப்பம் கொள் கவர்ச்சி என்று கட்டுரைகளில் வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிட வேண்டாம்.

லாங்மியூர், ஃபிராய்ன்ட்லிச்: இரண்டு சமன்பாடு எதற்கு?

வெப்பநிலை மாறாதபோது, அழுத்தத்தைப் பொறுத்து எவ்வளவு ஒட்டும் என்று சொல்பவை இரண்டும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் மின்விளக்கு இழைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் இர்விங் லாங்மியூர். சூடான இழையின் மேல் வாயுக்கள் என்ன செய்கின்றன என்பதிலிருந்துதான் அவருடைய பரப்பு ஆராய்ச்சி வளர்ந்தது. 1932-இல் அதற்கு நோபல் பரிசும் வந்தது. அவருடைய படம் எளிமையானது. பேருந்து இருக்கைகள் மாதிரி பரப்பில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் இடங்கள், ஒரு இடத்துக்கு ஒருவர், நின்றுகொண்டு பயணம் கிடையாது, பக்கத்தில் யார் இருந்தாலும் கவலையில்லை. அழுத்தம் குறைவாக இருக்கும்போது அழுத்தத்துக்கு ஏற்ப நிரம்பும். இடம் தீரத் தீர வளைவு படுத்துவிடும்.

ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிராய்ன்ட்லிச்சின் சமன்பாடு முதலில் அனுபவச் சூத்திரமாகத்தான் வந்தது. கவரப்பட்ட அளவு அழுத்தத்தின் ஒரு பின்ன அடுக்குக்கு நேர்விகிதம் என்கிறது. எல்லா இடமும் ஒரே தரத்தில் இல்லாத, மேடு பள்ளமான நிஜப் பரப்புகளுக்கு நடுத்தர அழுத்தங்களில் நன்றாகப் பொருந்தும். அதற்கு உச்ச வரம்பு கிடையாது என்பதே அதன் பலவீனம். உயர் அழுத்தத்தில் அதை நம்பக் கூடாது.

கரியும் அசெட்டிக் அமிலமும் செய்முறையில் முதலில் வடியும் கரைசலைக் கொட்டிவிடச் சொல்கிறார்களே, ஏன்?

மூடியிட்ட பாட்டில்களில் வெவ்வேறு செறிவில் அமிலம், ஒவ்வொன்றிலும் எடை போட்ட கரி. குலுக்கி, வெப்பநிலை மாறாமல் வைத்திருந்து, வடிகட்டி, சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கிறோம், அதாவது கரைசலில் எவ்வளவு அமிலம் மிச்சம் என்று கண்டுபிடிக்கிறோம். இந்த வடிதாள் செல்லுலோஸ். அதற்கும் பரப்பு உண்டு, அதுவும் கொஞ்சம் அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும். முதலில் வடியும் சில மில்லி லிட்டரில் அமிலம் குறைந்திருக்கும். அதைத் தரம் பார்த்தால் கரி செய்யாத வேலையும் கரியின் கணக்கில் ஏறிவிடும். முதல் பகுதியைக் கொட்டிவிட்டால் தாள் தன் பங்கை எடுத்து முடித்திருக்கும்.

ஃபிராய்ன்ட்லிச் சமன்பாட்டைச் சரிபார்க்க, கரி பிடித்த அளவின் மடக்கையைச் செறிவின் மடக்கைக்கு எதிராக வரைபடம் போடுகிறோம். புள்ளிகள் நேர்க்கோட்டில் விழவில்லையா? பாட்டில்களை ஒரே மாதிரி குலுக்கினீர்களா, சமநிலைக்கு நேரம் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். அடுத்து, கிடைமட்ட அச்சில் போட வேண்டியது சமநிலைச் செறிவின் மடக்கை. தொடக்கச் செறிவைப் போட்டுவிட்டுத் திண்டாடுகிறவர்கள் நிறையப் பேர்.

வீட்டு ஃபில்டரில் உள்ள கார்பன் கேட்ரிட்ஜ் டி.டி.எஸ். அளவைக் குறைக்குமா?

குறைக்காது. டி.டி.எஸ். என்பது நீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு. அதன் மீட்டர் காட்டுவது பெரும்பாலும் கரைந்த உப்புகளின் அயனிகளை. சோடியம், கால்சியம், குளோரைடு அயனிகள் நீரோடு இருப்பதையே விரும்புகின்றன. கார்பன் பரப்பு பிடிப்பது வாடை தரும் கரிமச் சேர்மங்கள், நிறம், பூச்சிக்கொல்லி எச்சங்கள் போன்றவற்றை. உப்பைக் குறைப்பது, அழுத்தத்தில் நீரை விட்டு உப்பைத் தடுக்கும் ஆர்.ஓ. சவ்வின் வேலை. "கார்பன் போட்டால் உப்புத் தண்ணீர் இனிக்கும்" என்று விற்க வருபவரிடம் மீட்டரை எடுத்து முன்னும் பின்னும் அளந்து காட்டச் சொல்லுங்கள்.

குளோரின் வாடையும் கார்பனில் போய்விடும். ஆனால் அது வெறும் ஒட்டல் இல்லை, குளோரின் கார்பன் பரப்பில் வினைபுரிந்து குளோரைடாக மாறுகிறது. சவ்வுக்கு முன்னால் கார்பனை வைப்பதற்கு முக்கியக் காரணமே, குளோரின் அந்தச் சவ்வை அரித்துவிடும் என்பதுதான்.

ஆர்செனிக்குக்குக் கார்பன் அவ்வளவாக உதவாது. இரும்பு ஆக்சைடு, ஹைட்ராக்சைடு பரப்புகள்தான் அதை இறுகப் பிடிக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரதீப்பின் குழு உருவாக்கிய "அம்ரித்" என்ற ஆர்செனிக் வடிகட்டியின் அடிப்படையும் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு நானோ பொருள்தான்.

ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரிலும் இதுதான் நடக்கிறதா?

ஆமாம். 2021 கொரோனா இரண்டாம் அலையில் பல வீடுகளுக்கு வந்த, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் அந்தப் பெட்டிக்குள் சியோலைட் நிரப்பிய இரண்டு குழாய்கள் இருக்கும். காற்றை அழுத்தி ஒன்றில் செலுத்தினால் நைட்ரஜன் சியோலைட்டில் தங்கிவிடும், ஆக்சிஜன் கடந்துபோகும். இரண்டுமே துருவமற்ற மூலக்கூறுகள்தான். ஆனால் நைட்ரஜனின் மின்னூட்டப் பரவல் சியோலைட்டில் உள்ள லித்தியம் அல்லது சோடியம் அயனிகளிடம் கூடுதலாக இழுபடுகிறது. முதல் குழாய் நிரம்பியதும் காற்று இரண்டாவதற்கு மாறும். முதலாவதில் அழுத்தத்தை இறக்கிவிட, பிடிபட்ட நைட்ரஜன் கிளம்பி வெளியேறும். சில விநாடிகளுக்கு ஒருமுறை அந்தப் பெட்டி "புஸ்" என்று பெருமூச்சு விடுவது இதனால்தான். உள்ளே நடப்பது கவர்ச்சி, நீக்கம், கவர்ச்சி, நீக்கம்.

100 சதவீதம் தூய ஆக்சிஜன் ஏன் வருவதில்லை என்றும் கேட்பார்கள். காற்றில் 0.93 சதவீதம் ஆர்கான் இருக்கிறது. இந்தச் சியோலைட்டுக்கு ஆர்கானும் ஆக்சிஜனும் ஏறக்குறைய ஒன்றுதான், இரண்டும் சேர்ந்தே வெளியே வரும். நைட்ரஜனை முழுக்க நீக்கினாலும் சுமார் 95.7 சதவீதத்தைத் தாண்ட முடியாது.

விஷம் குடித்தவருக்குக் கரியைக் கரைத்துக் கொடுக்கலாமா?

வீட்டில் வேண்டவே வேண்டாம், உடனே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மருத்துவமனையில் ஆக்டிவேட்டட் கரி கொடுப்பது உண்மை. பல மருந்துகளையும் நஞ்சுகளையும் அது குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். ஆனால் மதுசாரம், இரும்பு, லித்தியம், அமிலம், காரம் இவற்றை அது சரியாகப் பிடிக்காது. நினைவு தப்பியவருக்குப் புகட்டினால் மூச்சுக்குழாயில் போய் உயிருக்கே ஆபத்து. இன்னொன்று, கரிக்கு நல்லது கெட்டது தெரியாது. "உடலைச் சுத்தம் செய்யும்" என்று கரி மாத்திரை விழுங்குகிறவர், அன்றாடம் சாப்பிடும் மருந்தையும் சேர்த்தே அதற்குக் கொடுத்துவிடுகிறார்.

இந்தச் சொல்லைப் புழக்கத்தில் விட்டது யார்?

நிகழ்வு அதற்கு முன்பே தெரியும். 1770-களில் ஷீலே, ஃபொன்டானா என்ற அறிவியலாளர்கள் இருவரும் கரி வாயுக்களைப் பிடிப்பதைப் பார்த்திருந்தார்கள். அட்ஸார்ப்ஷன் என்ற சொல்லை 1881-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹைன்ரிச் கைசர் பயன்படுத்தினார். பரப்பிலும் ஒட்டி உள்ளேயும் போகும் கலப்பு நிலைக்கு சார்ப்ஷன் என்ற பொதுச்சொல்லை 1909-இல் வேதியியலாளர் மெக்பெய்ன் சேர்த்தார். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாத இடத்தில் சார்ப்ஷன் என்று சொல்வதே நேர்மை.

மின்விசிறி இறக்கையில் தூசு படிவதையும் இப்படிச் சொல்லலாமா?

வேண்டாம். மூலக்கூறு, அயனி, அணு அளவில் நடப்பதற்கே இந்தச் சொல். தூசு, சுண்ணாம்பு, பெயின்ட் எல்லாம் படிவு, ஒட்டு என்ற கணக்கில் போகட்டும்.

"வேப்பிலைப் பொடி 90 சதவீதம் சாயத்தை நீக்கியது" என்று புராஜெக்டில் எழுதினால் போதுமா?

திருப்பூர் சாயக்கழிவு நம் பக்கத்திலேயே இருப்பதால் வாழைத்தோல், வேப்பிலை, நிலக்கடலைத் தோல் என்று கல்லூரி புராஜெக்டுகளில் இது அதிகம் வருகிறது. சதவீதம் மட்டும் சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. லிட்டருக்கு 50 மில்லி கிராம் சாயமுள்ள 100 மில்லி லிட்டர் கரைசலில் ஒரு கிராம் பொடி போட்டு 90 சதவீதம் நீங்கினால், ஒரு கிராம் பிடித்தது 4.5 மில்லி கிராம். இன்னொரு பொடியை 0.1 கிராம் மட்டும் போட்டு 60 சதவீதம் நீங்கினால், அது கிராமுக்கு 30 மில்லி கிராம். சதவீதத்தில் தோற்றது கொள்ளளவில் ஆறு மடங்குக்கு மேல் முன்னால் நிற்கிறது. கிராமுக்கு எத்தனை மில்லி கிராம், எந்தச் சமநிலைச் செறிவில், எந்த பி.எச். அளவில், எந்த வெப்பநிலையில் என்று எழுத வேண்டும்.

சாயம் ஏறிய பொடியை என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். சாயம் அழிந்துவிடவில்லை, தண்ணீரிலிருந்து பொடிக்கு இடம் மாறியிருக்கிறது. அமிலமோ காரமோ ஊற்றி அதைத் திரும்ப எடுக்க முடிந்ததா, எடுத்த பிறகு பொடி மறுபடி எத்தனை முறை வேலை செய்தது என்ற பகுதியைப் பல அறிக்கைகளில் காணவே முடிவதில்லை. வாய்மொழித் தேர்வில் நான் முதலில் கேட்பது அதைத்தான்.